ஏழாம் அத்தியாயம்: இயங்கலை ஆலோசனையில் கனவைக் கேட்கும் முறை

பெர்ணம் ஆற்றை அடுத்த சபாக்கிலிருந்து, பாகான் நக்கோடா ஓமார், சுங்கை பெசார், செகிஞ்சான், தஞ்சோங் காராங் என்று தெற்கு நோக்கிக் கோலசிலாங்கூர் வரை நீளுகின்ற கடலோரப் பிரதேசத்தில், தோட்டத்தையே உலகமாகக் கொண்டு வாழ்ந்தவர்களும், தோட்டம் கைமாறிய பின் அடுக்குமாடி வீடுகளுக்கும் தாமான்களுக்கும் குடிபெயர்ந்தவர்களுமாகிய நம் ஜனங்களில் ஒருவர், தம் மனத்துயரத்தைத் தாய்மொழியிலேயே சொல்லி ஆற விரும்பினால், அந்த வாய்ப்பு அண்மையில் கிடைப்பது அரிது. பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து கோலாலம்பூர் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது; போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும்; போனது அயலாருக்குத் தெரிந்தால் புத்தி பேதலித்துவிட்டது என்ற பேச்சும் கிளம்பும். 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது நிர்ப்பந்தத்தால் நாம் கைக்கொண்ட இயங்கலை ஆலோசனையை, அந்த நிர்ப்பந்தம் நீங்கிய பின்னரும் இப்பிரதேசத்தில் கைவிடலாகாது என்பதற்கு இவையே போதுமான காரணங்கள்.

திரையின் மூலம் பேச வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் தம் குறையைச் சொல்லுவதில்லை. மனச்சோர்வு என்றோ பயம் என்றோ சொல்லக் கூசுகிற ஒருவர், “ராத்திரியில தூக்கமே இல்லிங்க, கெட்ட கெட்ட கனாவா வருது” என்று சொல்லக் கூசமாட்டார், ஏனெனில் கனவு காண்பது நோயென்றோ பலவீனமென்றோ நம்மவர் எவரும் கருதுவதில்லை. ஆகவே கனவைக் கேட்கத் தெரிந்த ஆலோசகர், வேறு வழியில் பல வாரங்கள் முயன்று எட்ட வேண்டிய விஷயத்தைச் சில அமர்வுகளிலேயே எட்டிவிடக் கூடும். கேட்கத் தெரியாதவரோ, ஆறுதல் தேடி வந்தவரைப் புதியதொரு அச்சத்தோடு திருப்பி அனுப்பிவிடவும் கூடும்.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஆதாரமான விதி ஒன்றே. கனவுக்குப் பரிகாரம் தேடுவது தவறன்று. கனவை முழுதும் கேட்பதற்கு முன் பரிகாரம் சொல்லுவதே தவறு. கண்டவர் தாமே கண்டறிய வேண்டிய பொருளை, அவருக்கு முன் ஆலோசகர் அறிவித்துவிடுவது அதனினும் பெரிய தவறு.

1. முந்திக்கொண்டவர் இருவர்

விதியை விளக்க இரண்டு உதாரணங்கள் போதும். ஒன்று நம் இலக்கியத்திலும், மற்றொன்று நாம் வாழும் இந்நாட்டின் சரித்திரத்திலும் இருக்கின்றன.

சிலப்பதிகாரத்துப் புகார்க் காண்டத்தில் கனாத்திறம் உரைத்த காதை என்று ஒரு காதை உண்டு. கணவன் கோவலனைப் பிரிந்திருக்கும் கண்ணகி, தன் தோழியாகிய தேவந்தியிடம் தான் கண்ட கனவைச் சொல்லுகிறாள். கணவன் தன் கைப்பற்றி அழைத்துச் செல்ல, இருவரும் ஒரு பெரிய நகரத்துள் புகுந்ததும், அவ்வூரார் தங்கள்மீது தகாத பழியொன்றைச் சுமத்தியதும், கோவலனுக்குத் தீங்கு நேர்ந்ததென்று கேட்டுத் தான் அரசன்முன் சென்று வழக்குரைத்ததும், அரசனுக்கும் ஊருக்கும் கேடு விளைந்ததும் ஆகிய இவ்வளவையும் அவள் சொல்லி முடித்த பிறகு, தேவந்தி அந்த நகரத்தைப் பற்றியோ, பழியைப் பற்றியோ, அரசனைப் பற்றியோ ஒரு வினாவும் எழுப்பவில்லை. முற்பிறவியில் நோன்பு தவறியதே காரணமென்றும், காவிரி கடலொடு கலக்குமிடத்தில் உள்ள சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் பொய்கைகளில் நீராடிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவனை அடையலாமென்றும் உடனே வழி சொல்லிவிடுகிறாள். கண்ணகி அதனைத் தனக்குப் பெருமையன்று என்று மறுத்துவிடுகிறாள். பேச்சு அங்கே முடிந்துபோகிறது. தேவந்தியின் அன்பில் குறையில்லை. அவள் கூறிய நீராடலும் அக்காலத்தார் நம்பிக்கைக்கு இசைந்ததே. ஆனால் கனவு சொன்னவளின் அச்சம் என்ன என்பது கேட்கப்படாமலே நின்றுவிட்டது.

இரண்டாவது உதாரணம் பேராக், கிளந்தான் மலைப்பகுதிகளில் வாழும் தெமியார் பூர்வகுடிகளைப் பற்றியது. பேராக் அரும்பொருளகத்தின் கள ஆய்வாளராக இருந்த பாட் நூன் என்னும் ஆங்கிலேயரோடு, 1934-ஆம் ஆண்டில் கில்ட்டன் ஸ்டூவர்ட் என்னும் அமெரிக்கர் அம்மக்களிடையே சென்றார். பின்னர் 1951-இல் அவர் வெளியிட்ட கட்டுரையொன்றில், தெமியாரும் அடங்கிய செனோய் இனத்தார் நாள்தோறும் காலையுணவின்போது குடும்பமாகக் கூடிக் கனவுகளை ஆராய்ந்து, கனவில் வரும் ஆபத்தை எதிர்த்து நின்று வெல்லும்படி பிள்ளைகளைப் பயிற்றுவதாகவும், அதன் பயனாகச் சண்டையும் மனநோயும் அவர்களிடம் இல்லாதொழிந்ததாகவும் எழுதினார். 1960-களின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னரும் அமெரிக்காவில் அக்கருத்து மிகுந்த பிரசித்தி அடைந்து, செனோய் முறை என்ற பெயரில் கனவுக் குழுக்கள் தோன்றின. ஆனால் அம்மக்களோடு நெடுங்காலம் வாழ்ந்து ஆராய்ந்த மானுடவியலாளர்களின் சான்றுகளைத் திரட்டி, வில்லியம் டோம்ஹாஃப் 1985-இல் வெளியிட்ட நூல், ஸ்டூவர்ட் வருணித்த அந்தப் பயிற்சி செனோய் மக்களிடம் இருந்ததில்லை என்று நிறுவியது. தெமியாருக்குக் கனவு மிக முக்கியமானது என்பது மெய். மரத்தின் ஆவியோ மலையின் ஆவியோ கனவில் வந்து ஒரு பாட்டைக் கொடுக்க, கண்டவர் அதை ஊர்கூடிய சடங்கில் பாடிப் பிணி தீர்ப்பது அவர்கள் மரபு. ஸ்டூவர்ட் அந்த மரபின்மீது தம் சித்தாந்தத்தைப் போர்த்திவிட்டார்.

தேவந்தி அன்பினால் முந்திக்கொண்டாள். ஸ்டூவர்ட் சித்தாந்தத்தினால் முந்திக்கொண்டார். ஃபிராய்டையோ யுங்கையோ அரைகுறையாகப் படித்துவிட்டுத் திரைக்கு முன் அமரும் ஆலோசகருக்கு இவ்விரண்டு அபாயங்களும் ஒருங்கே உண்டு.

2. தொடங்குமுன் அமைக்க வேண்டியவை

நேரில் நடக்கும் ஆலோசனையில் அறையின் கதவைச் சாத்துவது ஆலோசகர் பொறுப்பு. இயங்கலையிலோ, மறுபக்கத்து அறை நம் வசத்தில் இல்லை. பழைய லயத்து வீடுகள் பலவற்றில் பலகைத் தடுப்பு கூரை வரை எட்டுவதில்லை. அடுக்குமாடி வீட்டிலோ இரண்டு அறைகளில் மூன்று தலைமுறை வாழ்கிறது. காதில் செவிப்பொறி மாட்டிக்கொண்டால் ஆலோசகரின் குரல்தான் மறையுமேயன்றிப் பேசுகிறவரின் குரல் மறையாது. ஆதலால் முதல் அமர்விலேயே பின்வரும் ஏற்பாடுகளைச் செய்துகொள்ளுங்கள்.

தனிமை. எந்த நேரத்தில் வீடு காலியாக இருக்கும் என்று கேளுங்கள். பெரட்டு என்னும் விடியற்கால ஆள்கணக்கெடுப்பு முடிந்து எல்லாரும் வேலைக்காட்டுக்குப் போனபின் உள்ள முற்பகல், நிறுத்திவைத்த கார், ஆளில்லாத நேரத்துக் கோயில் மண்டபம் ஆகியவை இப்பிரதேசத்தில் பயன்படத்தக்க இடங்கள். ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும், “பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்” என்று கேட்டுவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும். யாரேனும் உள்ளே வந்துவிட்டால் சொல்லுவதற்கென்று, ‘சோறு வடிக்கணும்’ என்பது போன்ற சாதாரண வாக்கியம் ஒன்றை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

இருப்பிடம். இப்போது எங்கேயிருந்து பேசுகிறார் என்பதையும், ஆபத்து நேர்ந்தால் அழைக்கத்தக்க ஒருவரின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான முகவரி மட்டும் போதாது; மகள் வீட்டிலிருந்தோ, சிங்கப்பூரில் வேலைசெய்யுமிடத்திலிருந்தோ அவர் பேசக்கூடும்.

தொடர்பு அறுதல். மாலை மழையில் இணைப்பு அறுந்துபோவது இங்கே புதிதன்று. ஒருவர் கனவின் நடுவே அழுதுகொண்டிருக்கும்போது திரை உறைந்துவிட்டால், அவர் கைவிடப்பட்டதாகவே உணருவார். அறுந்தால் ஆலோசகரே ஐந்து நிமிடத்துக்குள் சாதாரணத் தொலைபேசியில் அழைப்பார் என்று ஒப்பந்தம் செய்யுங்கள். மௌனமும் இயங்கலையில் வேறுபடுகிறது. நேரில் ஆதரவாகத் தோன்றும் அமைதி, கைப்பேசியில் இணைப்பு போய்விட்டதோ என்ற கவலையைத் தருவதால், “கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்” என்று இடையிடையே சொல்லுவது அவசியம்.

காலம். ஐம்பது நிமிட அமர்வில் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்குள் புதிய கனவு எதையும் திறக்கலாகாது. பேச்சு முடிந்து திரை அணைந்த அக்கணமே அவர் சமையலறையிலோ பிள்ளைகள் நடுவிலோ இருப்பார். நேரில் வந்தவருக்குப் பஸ் பிரயாணத்தில் கிடைக்கும் இடைவேளை இவருக்கு இல்லை. அந்த இடைவேளையை அமர்வுக்குள்ளேயே நாம் அமைத்துக் கொடுக்க வேண்டும்.

3. கனவு வந்து சேரும் வழி

யூஜீன் அசெரின்ஸ்கி, நத்தானியல் கிளைட்மன் என்னும் இருவர் 1953-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில், உறங்குகிறவரின் கண்கள் மூடிய இமைக்குள் விரைந்து அசையும் வேளைகள் உண்டென்று கண்டு வெளியிட்டனர். உயிர்ப்பு மிக்க கனவுகளில் பெரும்பகுதி அவ்வேளைகளில் நிகழ்கிறது. ஏறத்தாழத் தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை வரும் அந்த நிலை, விடியல் நெருங்க நெருங்க நீளுகிறது. பெரட்டுக்காக விடியுமுன் எழுகிறவர்களுக்கு எச்சரிக்கை மணி பெரும்பாலும் கனவின் நடுவிலேயே அடிக்கிறது என்பதை இதனால் அறியலாம். எழுந்ததும் அடுப்பையும் பிள்ளைகளையும் கவனிக்க ஓடினால், கனவு சில நிமிடங்களில் மறந்துபோகிறது.

ஆகவே விழித்ததும் அசையாமல் சற்றுநேரம் படுத்திருந்து, கைப்பேசியில் வேறு செய்தி எதையும் பார்க்குமுன், கனவைக் குரல்பதிவாகச் சொல்லச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் முதியவர்களுக்கு இது பெரிய உபகாரம். எழுத்தில் வராத நடுக்கமும் தயக்கமும் குரலில் வந்துவிடுவது ஆலோசகருக்கும் உபகாரமே. ஆனால் கைப்பேசி குடும்பத்துக்கே பொதுவானதாக இருந்தால், வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதிவை உடனே அழித்துவிடும்படி கற்பியுங்கள். கணினியிலோ வேறொரு கருவியிலோ அதே கணக்கு திறந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அப்பதிவுகளை நாம் எங்கே வைத்திருக்கிறோம், எப்போது அழிப்போம் என்பதையும் அவரிடம் முதலிலேயே தெரிவித்துச் சம்மதம் பெறுவது கடமை. வாரத்துக்கு ஒரு கனவு போதும். எல்லாக் கனவுகளையும் அனுப்பச் சொன்னால், அனுப்புவதற்காகவே கனவைத் தேடும் கவலை பிறந்துவிடும்.

4. மூன்று படிகள்

அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகப் பேராசிரியை கிளாரா ஹில், 1996-இல் வெளியான தம் நூலில் வகுத்த மூன்று படிகள், இயங்கலை ஆலோசனைக்குப் பெரிதும் ஏற்றவை. ஆராய்தல், உணர்தல், செயற்படுதல் என்பன அவை. இவற்றின் வரிசையை மாற்றாதிருப்பதே நம் மூலவிதியைக் காக்கும் உபாயம். தேவந்தி சொன்ன பரிகாரம் மூன்றாம் படியில் வரவேண்டியது, முதற்படியில் வந்துவிட்டது.

முதற்படியில் நான்கு காரியங்கள் கிரமமாக நடக்க வேண்டும். கனவை நிகழ்காலத்தில், கண்முன் நடப்பது போல விவரிக்கச் செய்தல். அந்தந்த இடத்தில் தோன்றிய உணர்ச்சியை மீண்டும் தொடச் செய்தல். கனவில் வந்த ஒவ்வொரு பொருளும் ஆளும் அவருக்கு எதை நினைவூட்டுகிறது என்று கேட்டல். அண்மை நாட்களில் நடந்த எந்த நிகழ்ச்சி இக்கனவைத் தூண்டியிருக்கும் என்று தேடுதல். விவரணத்தின்போது நம் பிரதேசத்தின் சரித்திரமும் துணைசெய்யும். இந்நாட்டில் வாணிக முறையில் செம்பனை முதன்முதல் பயிரிடப்பட்டது 1917-இல், இதே கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். ஆயினும் பெரும்பாலான தோட்டங்களில் பால்மரம் வீழ்ந்து செம்பனை எழுந்தது பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே. எனவே கனவில் வந்தது பால்மரக் காடா, செம்பனைக் காடா என்று கேட்டால், கண்டவர் தம் வாழ்வின் எந்தக் காலத்தில் நிற்கிறார் என்பது வெளிப்பட்டுவிடும். வார்த்தையால் விவரிக்க முடியாதவர், கனவில் கண்ட இடத்தைத் தாளில் வரைந்து படக்கருவியின்முன் காட்டலாம்.

பயிற்சிக்கென்று நாம் புனைந்த ஓர் உரையாடலைக் கீழே தருகிறோம். பேசுகிறவர் ஐம்பத்தைந்து வயதுள்ள, தோட்டத்தில் வேலைசெய்து ஓய்ந்த அம்மையார். ஆலோசகர் அவரினும் இளைய பெண்.

“பழைய லயத்துல எங்க வீட்டுக்கு முன்னால நிக்கிறேன் தங்கச்சி. கதவு பூட்டியிருக்கு. உள்ளேருந்து எங்கம்மா, பெரட்டுக்கு நேரமாச்சு, பெரட்டுக்கு நேரமாச்சுன்னு கூப்பிடுறாங்க. அம்மா செத்து இருபது வருசம் ஆச்சு. நான் சாவியைப் போட்டுப் போட்டுத் திருப்புறேன், திறக்கவே மாட்டேங்குது.”

“கதவு எப்படி இருக்குக்கா?”

“பச்சைப் பலகைக் கதவு. அடியில கரையான் அரிச்சிருக்கும்.”

“சாவி?”

“அதுதான் வேடிக்கை. இப்போ இருக்கிற ஃப்ளாட்டோட சாவி அது.”

“அம்மா குரல் கேட்டப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

“பயமில்ல. வெக்கமா இருந்துச்சு. எல்லாரையும் நான் ஒருத்தி காக்க வச்ச மாதிரி.”

“இந்த வாரத்துல அப்படி வெக்கமா இருந்த வேளை ஏதாவது உண்டாக்கா?”

“மக கிள்ளானுக்கு வந்துடுன்னு போன் பண்ணிக்கிட்டே இருக்கா. நான் பதிலே சொல்லல. லயத்தை வேற உடைக்கப் போறாங்களாம். போய்ப் பார்க்கவும் மனசு வரல.”

இவ்விடத்தில் ஆலோசகர் கதவென்றால் இன்னது, சாவியென்றால் இன்னது என்று கூறவில்லை என்பதைக் கவனியுங்கள். கதவைப் பற்றியும் சாவியைப் பற்றியும் தனித்தனியே கேட்டதனால்தான், அடுக்குமாடி வீட்டுச் சாவி என்ற செய்தி வெளிவந்தது. பயம் என்று தாமே ஊகித்துக்கொண்டு ஆறுதல் சொல்லத் தொடங்கியிருந்தால், வெட்கம் வெளிப்பட்டிராது.

இரண்டாம் படியில், “இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்று கேட்டுக் காத்திருங்கள். அந்த அம்மையார், “லயத்தை விட்டு வந்துட்டேன், ஆனா சொல்லிட்டு வரல” என்றார் என்று வைத்துக்கொள்வோம். அதுவே பொருள். ஆலோசகருக்கு வேறொரு கருத்துத் தோன்றினால், மாண்டேகு உல்மன் தம் கனவுக் குழுக்களில் வற்புறுத்திய முறையில், “இது என் கனவாக இருந்திருந்தால்...” என்று தொடங்கிச் சொல்லலாம், ஏற்பதும் தள்ளுவதும் கேட்பவர் உரிமை. பலர் கூடும் இயங்கலைக் குழுக்களில் இந்த முன்னுரையின்றி ஒருவர் கனவைப் பற்றி மற்றொருவரைப் பேச அனுமதிக்கலாகாது.

மூன்றாம் படியில், என்ன செய்ய விரும்புகிறார் என்று கேட்க வேண்டும். முதலில் கற்பனையில், கனவை எப்படி மாற்ற விரும்புகிறார் என்று கேளுங்கள். பிறகு விழிப்பு வாழ்க்கையில் செய்யத்தக்கது என்ன என்று கேளுங்கள். அவர், லயம் இடிபடுமுன் மகளையும் அழைத்துக்கொண்டு தோட்டத்துக் கோயிலுக்குப் போய், அம்மாவுக்கு ஒரு படையல் போட்டுவிட்டு வருவதாகவும், அதன்பின் மகளுக்குப் பதில் சொல்லுவதாகவும் தீர்மானிக்கலாம். தேவந்தி கூறிய நீராடலும் இந்தப் படையலும் சடங்கென்ற முறையில் ஒன்றே. ஆனால் இது கனவு கண்டவரின் உணர்விலிருந்து, அவர் வாயாலேயே பிறந்தது. ஹில் அம்மையாரின் முறையிலும், கனவை மதிக்கும் சடங்குகளுக்கு மூன்றாம் படியில் இடமுண்டு.

5. அடிக்கடி எழும் வினாக்கள்

“இந்தக் கனாவுக்கு என்ன நம்பர் வரும்?” கனவை நான்கு இலக்க எண்ணாக மாற்றிப் பரிசுச் சீட்டு வாங்குவது இந்நாட்டில் எல்லா இனத்தாரிடமும் உள்ள பழக்கம், அதற்கென்றே கனவுப் புத்தகங்களும் உண்டு. நகைத்து ஒதுக்காதீர்கள், கண்டித்தும் பேசாதீர்கள். எண்ணைப் பற்றித் தமக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, பரிசு விழுந்தால் முதலில் என்ன செய்வார் என்று கேளுங்கள். கடன், பிள்ளையின் படிப்பு, வீடு என்று வரும் விடையே பெரும்பாலும் அவருடைய உண்மையான கவலை. சூதாட்டமே கவலையாக இருந்தால், அது தனியே கவனிக்க வேண்டிய விஷயம்.

“செத்தவங்க வந்து கூப்பிட்டாங்க, நானும் போயிடுவேனா?” இதை ஒருபோதும் அலட்சியம் செய்யலாகாது. கனவு மரணத்தை முன்னறிவிப்பதில்லை என்று அமைதியாகச் சொல்லுங்கள். கூப்பிட்டபோது அச்சம் தோன்றியதா, போய்விடலாமென்ற ஆசை தோன்றியதா என்று அதன்பின் நேராகவே கேளுங்கள். ஆசை என்று விடை வந்தால், கனவு ஆராய்ச்சியை அங்கேயே நிறுத்திவிட்டு, ஏழாம் பகுதியில் கூறியபடி நடக்க வேண்டும்.

“நெஞ்சு மேல ஏறி அமுக்குது, கத்தவும் முடியல.” முதியோர் அமுக்குவான் பிசாசு என்பது இதனையே. கனவு நிலையில் உடல் தசைகள் தளர்ந்து செயலற்றிருப்பது இயல்பு; சித்தம் விழித்தும் அத்தளர்ச்சி நீங்காத சில கணங்களில் இவ்வனுபவம் உண்டாகிறது. இரவு வேலையும், தூக்கக் குறைவும், மல்லாந்து படுப்பதும் இதனை மிகுவிக்கும். இந்த விளக்கத்தைச் சொன்ன மாத்திரத்திலேயே பாதிப் பயம் நீங்குவதுண்டு.

“யாரோ செய்வினை வச்சிருக்காங்க, பொமோக்கிட்ட போகலாமா?” முனீஸ்வரர் சந்நிதியில் திருநீறு போட்டுக்கொள்வதையோ, குறி கேட்பதையோ, பொமோ என்னும் மலாய் வைத்தியரிடம் போவதையோ ஆலோசகர் தடுக்க வேண்டியதில்லை; ஆனால் அங்கே மருந்தை நிறுத்தச் சொன்னாலும், பெருந்தொகை கேட்டாலும், உடலை வருத்தும் காரியம் எதையும் செய்யச் சொன்னாலும், அப்போது மட்டும் தெளிவாக எச்சரிக்க வேண்டும்.

6. திரும்பத் திரும்ப வரும் தீய கனவு

விபத்து, அடி உதை, பலாத்காரம், அகால மரணம் ஆகியவற்றைக் கண்டவர்களுக்கு ஒரே கனவு மாறாமல் திரும்பத் திரும்ப வருவதுண்டு. இவர்களிடம் பொருள் தேடுவதால் பிரயோஜனம் குறைவு. கண்ணை மூடி மீண்டும் அனுபவிக்கச் சொல்லுவதோ, அருகில் ஆளில்லாத இயங்கலை அமர்வில் அபாயகரமானது. இவர்களுக்கு உரியது, கற்பனை ஒத்திகை என்னும் முறை. பாலியல் வன்முறைக்கு உள்ளான 168 பெண்களிடம் பேரி கிராக்கோவும் சகாக்களும் இதனைச் சோதித்து, 2001-இல் வெளியிட்ட முடிவுகள், தீய கனவுகள் குறைந்ததோடு நித்திரையும் மேம்பட்டதைக் காட்டின. அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகமும் 2018-இல் இம்முறையைப் பரிந்துரைத்தது.

செய்முறை எளியது. மிகக் கொடிய கனவை விட்டு, சற்று மிதமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதைச் சுருக்கமாக எழுதவோ சொல்லவோ செய்யுங்கள். பிறகு, “உங்கள் விருப்பப்படி இதில் எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள்; முடிவை மாற்றுகிறாரா, இடத்தையா, கூட வருகிற ஆளையா என்பது முற்றிலும் அவர் விருப்பம். மாற்றிய கனவை அவர் குரலிலேயே பதிவுசெய்து, பகலில் பத்து முதல் இருபது நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்க்கச் செய்யுங்கள். பழைய கனவை ஒத்திகை பார்ப்பதில்லை, புதியதை மட்டுமே. அவர் கலங்குவதாகத் தெரிந்தால் உடனே நிறுத்தி, காலைத் தரையில் ஊன்றச் செய்து, அறையில் காணும் ஐந்து பொருள்களைப் பெயர் சொல்லச் செய்து, நிகழ்காலத்துக்கு அழைத்து வாருங்கள்.

7. எங்கே நிறுத்துவது

எல்லாத் தீய கனவும் மனத்திலிருந்து எழுவதில்லை. இரத்த அழுத்தத்துக்கும் இருதயத்துக்கும் கொடுக்கப்படும் சில மருந்துகள், மனச்சோர்வு மருந்துகள் சில, நெடுநாள் குடித்த மதுவைத் திடீரென்று நிறுத்துதல் ஆகியவை கனவைக் கடுமையாக்கும். இன்சுலின் போட்டுக்கொள்ளுகிறவர் நள்ளிரவில் வியர்த்து, கெட்ட கனவோடு விழித்தால், சர்க்கரை தாழ்ந்திருக்கக் கூடும். உரத்த குறட்டையோடு மூச்சடைத்து விழிப்பவரையும், கனவுக்கேற்பக் கையை வீசிப் பக்கத்தில் படுத்தவரை அடித்துவிடுகிற முதியவரையும் மருத்துவரிடம் அனுப்புவது கட்டாயம். சபாக் பெர்ணத்துத் தெங்கு அம்புவான் ஜெமாஆ மருத்துவமனை, தஞ்சோங் காராங் மருத்துவமனை, அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையம் ஆகியவற்றின் விவரங்களை முதல் அமர்வுக்கு முன்பே கையில் வைத்திருங்கள். எது கனவு, எது நனவு என்று பிரித்தறிய இயலாதவரிடமும், விழித்திருக்கும்போதே குரல்கள் கேட்பதாகச் சொல்பவரிடமும் கனவு ஆராய்ச்சியைத் தொடங்கவே கூடாது.

அடிக்கடி வரும் தீய கனவுகளுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்புண்டு என்பதை ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. எனவே வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் பிறப்பதில்லை. போலீஸ் வழக்காகிவிடுமோ என்று அஞ்சுகிறவரிடம், தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டதைச் சொல்லுங்கள். ஆபத்து உடனடியானதென்றால், இணைப்பைத் துண்டிக்காமல், குறித்து வைத்த நபரை வேறொரு கருவியில் அழையுங்கள், 999-ஐயும் அழையுங்கள். அமர்வுகளுக்கு இடைப்பட்ட காலத்துக்கு, சுகாதார அமைச்சின் 15555 என்னும் எண்ணையும், இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்னும் எண்ணையும் கொடுத்து வையுங்கள்.

சட்டத்தின் எல்லையும் ஒன்றுண்டு. 1998-ஆம் ஆண்டின் கவுன்சலர் சட்டப்படி (சட்டம் 580), வாரியத்தில் பதிவுபெற்றுச் செல்லத்தக்க சான்றிதழ் உடையவரே இந்நாட்டில் கவுன்சலராகத் தொழில் செய்யலாம். கோயில் குழுவினரும், ஆசிரியர்களும், இளைஞர் மன்றத்தாரும் இவ்வத்தியாயத்தைப் படித்துப் பயன்பெறலாம்; ஆனால் அவர்கள் முதற்படியாகிய கேட்டலோடு நின்று, மேற்கொண்டு பதிவுபெற்றவரிடம் ஒப்படைப்பதே முறை.

8. அமர்வு முடிந்தபின் குறிக்க வேண்டியவை

ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் ஆறு வினாக்களுக்கு விடை எழுதுங்கள். பேசியவர் தனிமையில் இருந்தாரா? கனவை அவர் சொற்களிலேயே எழுதியிருக்கிறேனா? முக்கியமான உணர்ச்சிக்கு அவர் கொடுத்த பெயர் என்ன? எந்த நிகழ்ச்சியோடு அவர் அதை இணைத்தார்? என்ன செய்வதாகத் தீர்மானித்தார்? அவருக்கு முன்னால் நான் பொருள் கூறிய இடம் ஏதேனும் உண்டா?

கடைசி வினாவுக்கு உண்டு என்ற விடை வருமானால், அடுத்த அமர்வை அதிலிருந்தே தொடங்குங்கள். போன வாரம் தாம் கூறிய பொருள் அவருக்குப் பொருந்துகிறதா என்று கேட்டு, பொருந்தவில்லையென்றால் அதைக் குறிப்பேட்டில் அவர் அறிய அடித்துவிட்டு, அவர் சொல்லும் பொருளை எழுதிக்கொள்ளுங்கள். கல்வியும் பட்டமும் உடைய ஒருவர் தம் கருத்தைத் தமக்காக அடித்ததைக் கண்டவர், துரைக்கும் கிராணிக்கும் தலையாட்டியே பழகியவராயினும், அடுத்த கனவுக்குத் தாமே பொருள் சொல்லத் துணிவார்; அந்தத் துணிவை உண்டாக்குவதுதான் இச்சிகிச்சையின் நோக்கம்.